அம்மாவின் கால் வீக்கமும் என் கோல்டு கார்டும்

நேற்று ஒரு நண்பர் போனில் கேட்டார்: "பதினோரு வருஷமா ஒரே ஏர்லைன்லதான் போவீங்க. இப்ப எது மலிவோ அதுல ஏறிடுறீங்களாமே, என்ன ஆச்சு?" பேச நேரமில்லாததால் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இங்கேயே எழுதிவிடுகிறேன், இன்னும் சிலருக்கும் பயன்படலாம்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு பயணம். வேறொரு கம்பெனியில் நேர் விமானம் இருந்தது. டிக்கெட்டும் கால்வாசி குறைவு. நான் அதை எடுக்கவில்லை. அடிக்கடி பறப்பவருக்கு ஏர்லைன் சலுகைகளோடு கொடுக்கும் 'கோல்டு' உறுப்பினர் நிலை அந்த வருடம் கைவிட்டுப் போகாமலிருக்க எனக்கு இன்னும் இரண்டு பயணம் தேவைப்பட்டது. அதனால் வழக்கமான ஏர்லைனிலேயே, நடுவில் ஏழு மணி நேரம் காத்திருக்க வேண்டிய கனெக்டிங் ஃப்ளைட்டைப் போட்டேன். "லவுஞ்ச்ல படுத்துக்கலாம்மா" என்று, கோல்டு கார்டுக்காரருக்கான விமான நிலைய ஓய்வறையைக் காட்டிச் சமாதானம் வேறு. அங்கே போனால் லவுஞ்ச் நிரம்பிவிட்டது, கார்டு வைத்திருப்பவரை மட்டும் விடுகிறோம், கூட வருபவருக்கு இடமில்லை என்றார்கள். ராத்திரி முழுக்க கேட் பக்கத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்தே இருந்தார். நடுநடுவே கைப்பிடி வைத்த நாற்காலி, படுக்கவும் வழியில்லை. இறங்கும்போது இரண்டு காலும் வீங்கி, செருப்பு உள்ளே நுழையவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சாக்ஸோடு நடந்து வந்தார். "பரவால்லடா, உனக்கு ஏதோ பாயின்ட் கிடைக்கும்ல" என்றார்.

அந்த வார்த்தைக்கு அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன்.

முதலில், பறக்கப் பறக்க 'மைல்ஸ்' என்ற பாயின்ட் சேர்த்து, பிறகு அதை டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் இந்தத் திட்டம் யாருக்காக வந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1978 வரை கட்டணத்தை நிர்ணயித்தது அரசு. அந்தக் கட்டுப்பாடு போனதும் விலைப் போட்டி வந்தது, குறைந்த விலையில் பறக்கும் புதிய கம்பெனிகளும் வந்தன. பழைய கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளரைப் பிடித்துவைக்க வேறு வழி தேடின. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'ஆட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. அதே மாதத்தில் யுனைடெட்டும் பின்னால் வந்தது. இதில் குறிபார்க்கப்பட்டவர் அடிக்கடி பறக்கும் அலுவலகப் பயணி. டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பது அவருடைய நிறுவனம், எந்த விமானம் என்று சொல்வது அவர், மைல்ஸ் போய்ச் சேருவது அவர் பெயரில். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் அவருக்கு வலிக்காது.

இது சின்ன விஷயம் இல்லை. ஜெர்மனியில் 2002-ல் அரசுப் பயணத்தில் சேர்ந்த மைல்ஸைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியதாகப் பெரிய சர்ச்சை எழுந்து, பெர்லின் நகர அரசில் பொருளாதாரப் பொறுப்பு வகித்த கிரிகோர் கீசி பதவி விலகினார். அடுத்தவர் காசில் பறப்பவருக்கு மைல்ஸ் எவ்வளவு இனிப்பான சமாச்சாரம் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல.

நானோ பதினோரு வருடமும் என் சொந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்தவன். அலுவலகப் பயணிக்காக விரித்த வலையில் நானே போய் விழுந்து, அதற்கு 'விசுவாசம்' என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். முன்பெல்லாம் பறந்த தூரத்துக்கு மைல்ஸ் கொடுத்தார்கள். 2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016-ல் அமெரிக்கனும் அதை மாற்றி, செலவழித்த பணத்துக்கு மைல்ஸ் என்று ஆக்கின. எந்த நிலையும் இல்லாத சாதாரண உறுப்பினருக்கு அப்போது ஒரு டாலருக்கு 5 மைல். ஒரு மைலின் மதிப்பு ஒரு சென்ட் என்று வைத்துக்கொண்டால், திரும்பி வருவது நூற்றுக்கு ஐந்து. அவ்வளவுதான். மற்ற கம்பெனி 5 சதவீதத்துக்கு மேல் மலிவாக இருந்தால், மைல்ஸுக்காக அதை விட்டவர் நஷ்டப்படுகிறார். என் அம்மா விஷயத்தில் வித்தியாசம் 25 சதவீதம்! நிலை உயர்ந்தால் மைல்ஸும் கூடும், அது உண்மை. ஆனால் அந்த நிலைக்கு ஏற நாம் கூடுதலாகக் கொட்டிய பணத்தை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் சேர்க்கவில்லை.

ஒரு மைல் என்ன பெறும் என்பதைக் கண்டுபிடிப்பதிலும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். பிசினஸ் கிளாஸின் முழு விலையை மைல்ஸால் வகுத்து, 'ஆஹா, மைலுக்கு ஐந்து சென்ட்' என்று சந்தோஷப்படுவோம். அந்த விலை கொடுத்து நாம் என்றைக்காவது பிசினஸ் கிளாஸ் வாங்கியிருப்போமா? நாம் உண்மையில் வாங்கக்கூடிய மலிவு டிக்கெட்டின் விலையை எடுத்து, 'இலவச' டிக்கெட்டிலும் கட்ட வேண்டிய வரியையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் கழித்து, மிச்சத்தை மைல்ஸால் வகுத்துப் பாருங்கள். எனக்கு ஒரு முறை அரை சென்ட் கூட வரவில்லை.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, இந்த மைல்ஸ் நம்முடையதே இல்லை என்பது. நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் உயர்நிலை உறுப்பினர் ஒருவரை, 'நீ அடிக்கடி புகார் செய்கிறாய்' என்று 2008-ல் திட்டத்திலிருந்தே நீக்கினார்கள். நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்று அவர் போட்ட வழக்கு, 1978-ன் அதே கட்டுப்பாடு நீக்கச் சட்டத்தின் கீழ் நிற்காது என்று 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. 2017-ல் ஏர் பெர்லின் திவால் மனு கொடுத்தபோது, அதன் 'டாப்போனஸ்' மைல்ஸ் சேர்த்து வைத்திருந்தவர்களால் அதை டிக்கெட்டாக மாற்ற முடியவில்லை. கம்பெனிகளுக்கோ இதே திட்டம் தங்கச் சுரங்கம். வங்கிகளுக்கு மைல்ஸை விற்றே பெரும் பணம் பார்க்கிறார்கள். கொரோனாவில் விமானங்கள் முடங்கிய 2020-ல் யுனைடெட் தன் மைலேஜ் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அடுத்த மார்ச்சில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1,000 கோடி டாலர்.

எனக்கும் நடந்தது. ஒரு ஊருக்குப் போய்வர இவ்வளவு மைல்ஸ் என்று பார்த்து நான்கு வருடம் சேர்த்தேன். போதுமான அளவு சேர்ந்த சமயம், 'உங்களுக்கு மேலும் சிறந்த சேவை' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல். பழைய அட்டவணையைத் தூக்கிவிட்டார்கள். அதே ஊருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டது. பணவீக்கத்திலாவது வங்கி கொஞ்சம் வட்டி தரும். மைல்ஸுக்கு வட்டியும் கிடையாது, பல திட்டங்களில் காலாவதி தேதி மட்டும் உண்டு.

மலிவு விமானத்தில் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. திரையில் முதலில் தெரியும் விலை பொய்யான விலை. லக்கேஜ், இருக்கை, சில கம்பெனிகளில் விமான நிலையத்தில் செக்-இன் செய்வதற்குக்கூடத் தனிக் காசு. இதையெல்லாம் கூட்டிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். ஊர்ப் பெயரையும் கவனியுங்கள்: 'ஃபிராங்க்ஃபர்ட் ஹான்' என்ற விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு மலிவு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கி நீங்களே கனெக்‌ஷன் அமைக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனதுதான். அந்த இடத்தில் ஒரே டிக்கெட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது சரி.

மாதம் இரண்டு முறை ஆபீஸ் செலவில் பறப்பவர் என்றால் தாராளமாக மைல்ஸ் சேருங்கள். விமானம் ரத்தாகி வரிசையில் இருநூறு பேர் நிற்கும்போது கோல்டு கார்டு உதவும், நானே அனுபவித்திருக்கிறேன். விலை ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் பழகிய ஏர்லைனிலேயே போங்கள். உறுப்பினராகச் சேருவதற்குக் காசா பணமா, எல்லாத் திட்டத்திலும் சேர்ந்து வையுங்கள், வந்தால் வரட்டும். ஆனால் சொந்தப் பணத்தில் வருடத்துக்கு நாலு முறை பறக்கும் குடும்பஸ்தர், டிசம்பரில் நிலை போய்விடுமே என்று தேவையில்லாத ஒரு பயணம் போட்டால், தயவுசெய்து யாராவது அவரைத் தடுங்கள்.

கணக்கில் மிச்சமிருந்த மைல்ஸில் தங்கச்சிக்கு ஒரு டிக்கெட் போட்டாயிற்று, வரியை மட்டும் நான் கட்டினேன். என் கோல்டு இந்த வருடக் கடைசியோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. அடுத்த மாதம் அம்மாவோடு மறுபடி ஒரு பயணம் இருக்கிறது. நேர் விமானம். மிச்சமான பணத்தில் கொஞ்சம் எடுத்து, கால் நீட்ட இடமிருக்கும் வரிசையில் அவருக்கு ஓர இருக்கை வாங்கியிருக்கிறேன்.