காரணம் இருந்தால் முடிவு நம்முடையது இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வராதவர்களும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ‘சுகர்ஸ்’ என்ற ஹெராயின் கலந்த போதைப்பொருளிலிருந்து மீண்ட என் அக்காள் மகனுக்குப் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் சிறப்புப் பேச்சாளர் எழுந்து, “இதில் பாராட்ட ஒன்றுமில்லை, மூளையும் சூழலும் செய்ததற்கு இந்தத் தம்பி எப்படிப் பொறுப்பாவார்?” என்றார். அவன் தலைகுனிந்து நின்றதை அக்காளும் பார்த்தார்கள். அன்றிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. காரணம் இருப்பதாலேயே ஒரு முடிவு நம்முடையது இல்லாமல் போகும் என்பதைத்தான் மறுக்கிறேன். நாம் யோசிப்பதும், தயங்குவதும், நமக்கு நாமே தடை போட்டுக்கொள்வதும் அந்தக் காரணச் சங்கிலிக்கு வெளியே நிற்பவை அல்ல. அதன் கண்ணிகளே அவை. அவன் யோசித்திராவிட்டால் அந்த முடிவே பிறந்திருக்காது.

பேச்சாளர், மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் 1983ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டினார். மணிக்கட்டை மடக்குவதற்குச் சுமார் அரை நொடி முன்பே மூளையில் ஒரு மின் அலை எழுகிறது, மடக்கவேண்டும் என்ற உணர்வோ சுமார் 0.2 நொடி முன்புதான் வருகிறது என்பது சரி. ஆனால் எஞ்சிய அந்த நேரத்தில் மனிதன் தன் செயலைத் தடுத்துக்கொள்ள முடியும் என்று லிபெட்டே கருதியதை அவர் சொல்லவில்லை. அந்த அலை, மூளையின் தற்செயல் ஏற்ற இறக்கங்கள் ஓர் எல்லையைத் தாண்டுவதன் தடயமாக இருக்கலாம் என்று 2012இல் வந்த மறுவிளக்கத்தையும் சொல்லவில்லை. அதைவிட, எந்த நோக்கமும் இன்றி எப்போதோ ஒருமுறை கையை மடக்குவதும், வாழ்வா சாவா என்று இரவெல்லாம் உட்கார்ந்து முடிவெடுப்பதும் ஒன்றா?

என் மருமகன் செய்ததைக் கேளுங்கள். தன் வங்கி அட்டையையும் கைப்பேசியையும் தாயிடம் கொடுத்து, “நாளைக்கு நான் அழுது கேட்பேன், கொடுக்காதீங்கம்மா” என்றான். மறுநாள் கேட்டான், அழுதான், கதவை உதைத்தான். அக்காள் கொடுக்கவில்லை. போதை வேண்டும் என்ற ஆசை ஒருபுறம், அந்த ஆசை தனக்கு வேண்டாம் என்ற விருப்பம் மறுபுறம் என இரண்டு நிலைகளை தத்துவ அறிஞர் ஹாரி பிராங்ஃபர்ட் 1971இல் எழுதிய கட்டுரையில் பிரித்துக் காட்டினார். அவரும் எடுத்துக்கொண்ட உதாரணம் போதைக்கு அடிமையானவர்தான். எந்த ஆசை தன்னை ஆளவேண்டும் என்பதில் அவன் ஒரு பக்கம் நின்றான். தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டியவர் விரதத்தை மீறமாட்டார் என்று ஊரே உறுதியாகச் சொல்லும். அப்படி முன்கூட்டியே சொல்ல முடிவதால் அவர் விரதம் அவருடையது இல்லை என்று எவராவது சொல்வோமா?

கணியன் பூங்குன்றனாரையும் பேச்சாளர் துணைக்கு அழைத்தார். ஆற்று நீர் போகும் வழியே போகும் தெப்பம்போல் உயிர் முறைவழிச் செல்லும், ஆகவே பெரியோரை வியக்கமாட்டோம் என்கிறது அந்தப் புறப்பாட்டு. உண்மைதான். ஆனால் சிறியோரை இகழ்வதை அதைவிடவும் செய்யமாட்டோம் என்பதோடுதான் பாட்டு முடிகிறது. அந்த அடியை விட்டுவிட்டவர், சிறிது நேரத்தில் நம் பிள்ளைகள் “தாங்களே கெட்டுப்போகிறார்கள்” என்று கடிந்துகொண்டார். கெட்டால் அவர்கள் பொறுப்பு, மீண்டால் மூளையின் வேலையா? ஊழைவிட வலியது எதுவுமில்லை என்ற வள்ளுவரே, சோர்வின்றி முயல்பவர் ஊழையும் புறமுதுகு காட்டவைப்பர் என்று ஆள்வினையுடைமையில் சொன்னார். இரண்டையும் அவர் ஒரே நூலில் வைத்திருக்கிறார்.

“அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது? மரபணுவும் வளர்ப்பும் அவன் கையில் இருந்தனவா?” என்று கேட்பீர்கள். கடினமான கேள்விதான். தன்னைத் தானே படைத்துக்கொண்டவர் எவருமில்லை. அப்படிப் படைத்துக்கொண்டால்தான் பொறுப்பு என்றால் உலகில் ஒருவருக்கும் பொறுப்பு இராது. காரணங்களைக் கேட்டு, எடைபோட்டு, நடத்தையை மாற்றிக்கொள்ள முடிகிறதா என்பதுதான் நாம் ஒருவரை ஒருவர் அளக்கும் அளவு. தென்னாப்பிரிக்காவில் ஒப்பந்தக் கூலி முடிந்த இந்தியர்மீது போட்ட மூன்று பவுன் வரியும், நம் திருமணங்கள் செல்லாது என்ற 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பும், பிறந்த வீடும் சேர்ந்துதான் வள்ளியம்மை என்ற தமிழ்ச் சிறுமியைக் காந்தியின் சத்தியாகிரகப் போராட்டத்துக்கு அனுப்பின. மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதில் இறந்தாள். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, மறுபடியும் போகத் தயார் என்றாள். அது அவளுடைய சொல் இல்லையா? அன்று அதே மேடையில் அவள் படத்துக்கு மாலையிட்டவரும் இந்தப் பேச்சாளர்தானே!

“அப்படியானால் மீளாதவர்களைக் குற்றம் சொல்வாயா?” என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். மாட்டேன். எங்கள் தெருவிலேயே ஒரு பிள்ளையைப் புதைத்திருக்கிறோம், அவனும் முயன்றவன்தான். முடிவெடுக்கும் ஆற்றல் எல்லாருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை, போதை அதையே முதலில் தின்கிறது. அந்த ஆற்றல் குறையும் அளவுக்குப் பழியும் குறையவேண்டும். அதற்காக, மிச்சமிருந்த ஆற்றலை முழுவதும் திரட்டி நின்ற ஒருவனிடம் “இது உன் வேலை இல்லை” என்பது இரக்கம் ஆகாது. மறுவாழ்வுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் “உன்னால் முடியும்” என்றுதான் சொல்கிறோம். முடித்துக் காட்டியவனிடம் அவர் சொன்னதைத் திரும்பப் பெறவேண்டும், அதுவும் அதே மேடையில், அக்காள் முன்னிலையில்.