ஆப்பிள் சிப்பை ஆப்பிளே தயாரிக்கிறதா?

காரைக்குடியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது: “ஆப்பிள் சொந்த ஆலையில் சிப் செய்கிறது, யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. இன்டெல் சிப் உள்ள மேக் இனி ஓடாது.” இதை நம்பி அக்கா மகன் 2019 மாடல் மேக்கை (ஆப்பிளின் கணினி) அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தான்.

இரண்டுமே தவறு.

ஆத்தங்குடிக் கல் பதித்த வீடு கட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். எந்தப் பூ, எந்த நிறம் என்பது வீட்டுக்காரர் முடிவு. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி எடுப்பது பட்டறைக்காரர். 2020 நவம்பரில் மேக்குக்காக வந்த எம்1 சிப்பும் அப்படித்தான். வடிவமைத்தது ஆப்பிள். 1,600 கோடி டிரான்சிஸ்டர்களோடு (நுண்ணிய மின் சுவிட்சுகள்) அதைச் செய்து கொடுத்தது தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம். அதன் கட்டளைத் தொகுப்புகூட, அதாவது சிப்புக்குப் புரியும் அடிப்படைக் கட்டளைகளின் பட்டியல்கூட, பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்துடையது. ஆப்பிள் உரிமம் பெற்றுப் பயன்படுத்துகிறது. நினைவகமும் வெளியிலிருந்து வாங்குவதே.

பிறகு சொந்த வடிவமைப்பால் என்ன லாபம்? 2006 முதல் மேக்கில் இருந்தது இன்டெல் நிறுவனத்தின் சிப். இன்டெல் எப்போது புது சிப் தருமோ அதற்கேற்பத்தான் புது மேக் வந்தது. இப்போது அந்தக் கால அட்டவணை ஆப்பிள் கையில். தன் மென்பொருளுக்குத் தேவையானதை மட்டும் சிப்பில் வைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவும் முடிகிறது. ஆனால் கோடிக்கணக்கில் கருவிகள் விற்பவர்களுக்கே இந்த வடிவமைப்புச் செலவு கட்டுப்படியாகும்.

பழைய இன்டெல் மேக்குக்குப் புதிய இயங்குதளப் பதிப்பு வருவதுதான் நிற்கும். கணினி நிற்காது. தம்பி, அவசரப்பட்டு விற்காதே.