அந்தப் பாட்டி யாரு, மாமா?

சரி, விளம்பரம் இல்லாமல் டிவி நடத்த முடியாது. அதற்காக ஒரு சிரிப்புப் படத்தை இப்படியா கொத்திப் போடுவது?

எங்கள் வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டையில். மாங்காய் சீசனில் அம்மா வாரம் ஆறு நாள் மாம்பழக்கூழ் ஆலைக்குப் போவார். நாள் முழுக்க நின்றபடியே வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு. போன வாரம் ‘அவ்வை சண்முகி’ என்றதும் சோறாக்கி முடித்து இரண்டு மணிக்கெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். 1996 தீபாவளிக்கு வந்த படம், அப்போதே தியேட்டரில் பார்த்தவர். பக்கத்தில் அக்கா மகள், ஒன்பது வயது. அவளுக்கு இதுதான் முதல் தடவை.

மேக்கப்மேன் நாகேஷ் கமலை மாமியாக மாற்றுகிற இடத்தையே காணோம்! வெட்டி எறிந்துவிட்டார்கள். புடவைக்குள் இருப்பது யார் என்று நமக்குத் தெரியும், மாமனார் ஜெமினி கணேசனுக்குத் தெரியாது. மொத்தச் சிரிப்பும் அதில்தானே இருக்கிறது? “அந்தப் பாட்டி யாரு, மாமா?” என்று கேட்கிறாள் பிள்ளை. கொஞ்ச நேரம் கழித்து நாசரைக் காட்டி, “இவரு ஊமைதானே, எப்பப் பேச ஆரம்பிச்சாரு?” அந்த இடமும் போச்சு. அம்மா படத்தைப் பார்ப்பாரா, கதை சொல்வாரா?

கிரேசி மோகன் வசனத்தில் கேள்வி முடியும் முன்பே பதில் வந்து விழும். இங்கே கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் சோப்பு, எண்ணெய், நகைக்கடை. திரும்பி வரும்போது எது கேள்வி என்பதே மறந்துவிடுகிறது. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று கேபிள் டிவி விதி இருக்கிறது. ஆத்திரத்தில் போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். மூன்றிலிருந்து நான்கு மணிக்குள் 23 நிமிடம்!

படம் ஓடும்போதாவது விட்டார்களா? ஹாலிவுட் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோரை வைத்துச் செய்த மேக்கப் அது. கமல் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து போட்டுக்கொண்டது. அந்த முகத்தின் பாதியை மறைத்துக்கொண்டு சீரியல் விளம்பரப் பட்டை ஓடுகிறது. எவ்வளவு பெரிய உழைப்பு, கொஞ்சமாவது மதிக்க வேண்டாமா?

ஐந்தரை மணிக்கும் கிளைமாக்ஸ் வரவில்லை. அம்மா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: “கடைசியில கொழந்தைக்குப் புரிஞ்சுதாடா?”