டாக்டர் கிரவுண்டுக்குப் போயிருக்கார்

(எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருஷம் படிக்கிற மகனுக்குச் சனிக்கிழமை தேர்வு. அதே சனிக்கிழமை கிரிக்கெட் செமி ஃபைனல். பிராக்டிஸுக்குக் கிளம்பிய பையன், தோளில் கிட் பையோடு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறான். அரை மணி நேரமாகத் தேடுகிறான். உள்ளே அவன் வழக்கு நடக்கிறது.)

அம்மா: முடிவாச் சொல்லிட்டேன். ஒண்ணு ஸ்டெதாஸ்கோப், இல்லேன்னா பேட். ரெண்டையும் ஒரே கழுத்துல மாட்ட முடியாது.

அப்பா: பேட்டை எவன்டி கழுத்துல மாட்டுவான்?

அம்மா: உங்க பிள்ளை மாட்டுவான்.

அப்பா: நீ டபிள்யூ. ஜி. கிரேஸ் பத்திக் கேள்விப்பட்டிருக்கியா? இங்கிலாந்துக்காரர், பிரிஸ்டல் பக்கம். இந்த நீளத்துக்குத் தாடி. 1876ல ஒரே இன்னிங்ஸ்ல 344 அடிச்சார். அதுக்கு முன்னாடி முதல்தர கிரிக்கெட்ல முந்நூறையே யாரும் தொட்டதில்ல. அடுத்த வாரமே இன்னொரு முந்நூறு!

அம்மா: படிப்பு?

அப்பா: அதைத்தானே சொல்ல வர்றேன். டாக்டர்! அப்பா டாக்டர், அண்ணனுங்க டாக்டர், இவரும் டாக்டர்.

அம்மா: எத்தனை வருஷத்துல முடிச்சார்?

அப்பா: (தண்ணீர் குடிக்கிறார்) 1868ல சேர்ந்தார்…

அம்மா: ம்.

அப்பா: (மறுபடி குடிக்கிறார்) 1879ல முடிச்சார்.

அம்மா: (விரல் விட்டு எண்ணுகிறார். இரண்டு கையும் தீர்ந்துபோக, அப்பாவின் கையில் ஒரு விரலைக் கடன் வாங்குகிறார்) பதினொரு வருஷம்! இவன் ஃபீஸைப் பதினொரு வருஷம் கட்டினா, கடைசி வருஷம் உங்களையே வித்துத்தான் கட்டணும்.

அப்பா: ஆனா பலனைப் பாரு. பாஸ் பண்ணின மறு வருஷமே லண்டன் ஓவல் கிரவுண்டுல ஆஸ்திரேலியாவுக்கு எதிரா அவரோட முதல் டெஸ்ட். 152 ரன்! டெஸ்ட்ல சதம் அடிச்ச முதல் இங்கிலாந்துக்காரர் அவர்தான். அவர் கூடப் பொறந்தவங்கள்ல ரெண்டு பேர் அதே மேட்ச்ல ஆடினாங்க.

அம்மா: எல்லாரும் ஆடப் போயிட்டா, நோயாளியை யாருங்க பார்த்தது?

அப்பா: பதிலுக்கு ஒரு டாக்டர் வந்து உட்காருவார். அந்தச் சம்பளத்தை கவுண்டி கிளப், அதான் அவர் ஆடின மாவட்ட அணி, குடுத்துடும்.

அம்மா: நல்லா இருக்கே! வயித்து வலின்னு போனா, "டாக்டர் கிரவுண்டுக்குப் போயிருக்கார், மழை பெஞ்சா வருவார்"னு சொல்லுவாங்களா?

அப்பா: இங்கிலாந்துல மழைக்கா பஞ்சம்?

அம்மா: பைசா பார்த்தாரா?

அப்பா: அவர் அமெச்சூர். காசுக்கு ஆடாத கனவான்னு கணக்கு. 1891-92 ஆஸ்திரேலியா டூருக்கு மட்டும் 3,000 பவுண்டு வாங்கினார்.

அம்மா: காசுக்கு ஆடாமலேயா?

அப்பா: ஆமா.

அம்மா: (முதல் முறையாக நாற்காலியில் உட்காருகிறார்) ஆள் குணம் எப்படி?

அப்பா: குணம்… 1882ல ஒரு சின்ன விஷயம். ஜோன்ஸ்னு ஒரு ஆஸ்திரேலியப் பையன், ரன் எடுத்து முடிச்சாச்சுன்னு நெனச்சு, கிரீஸை விட்டு வெளிய வந்து பிட்ச்சைத் தட்டிச் சரி பண்ணிட்டிருந்தான். கிரேஸ் பந்தை வாங்கி ஸ்டம்பைத் தட்டிட்டார். அவுட்!

அம்மா: அடப்பாவி! தரையைச் சீர் பண்ணின பிள்ளையையா?

அப்பா: ரூல்படி தப்பில்லம்மா. ஆனா அந்த ஆத்திரத்துல ஆஸ்திரேலிய பவுலர் ஸ்போஃபோர்த் போட்டாரு பாரு, இங்கிலாந்து வெறும் 85 ரன் எடுக்க முடியாம ஏழு ரன்னுல தோத்துப்போச்சு. இங்கிலாந்து-ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடருக்கு ஆஷஸ்ங்கிற பேரே அதுக்கப்புறம்தான் வந்தது.

அம்மா: அந்தப் பிள்ளை வயித்தெரிச்சல் சும்மா விடுமா? இவரை விடுங்க. ஒழுங்கான ஆள் ஒருத்தரைச் சொல்லுங்க.

அப்பா: ராய் பார்க். மெல்பர்ன் டாக்டர், தங்கமான மனுஷன். 1920-21 சீசன்ல டெஸ்ட் ஆடக் கூப்பிட்டாங்க. முந்தின ராத்திரி பூரா ஒரு நோயாளி பக்கத்துலயே இருந்தார்னு சொல்லுவாங்க.

அம்மா: இதுதான் டாக்டர்! மறுநாள் எத்தனை அடிச்சார்?

அப்பா: முதல் பந்துலயே போல்ட்.

அம்மா: அடுத்த டெஸ்ட்ல?

அப்பா: அடுத்த டெஸ்டே கிடையாது. அவர் சம்சாரம் கேலரியில பின்னிக்கிட்டே மேட்ச் பார்த்தாங்களாம். நூலுருண்டை கீழ விழுந்திருக்கு. குனிஞ்சு எடுத்து நிமிர்றதுக்குள்ள புருஷனோட டெஸ்ட் வாழ்க்கை முடிஞ்சுபோச்சுன்னு ஒரு கதை.

அம்மா: பாவம் அந்தம்மா. நூலையாவது ஒழுங்கா எடுத்தாங்களே. (எழுந்து) நீங்க சொன்ன ரெண்டுல ஒண்ணு பதினொரு வருஷம், இன்னொண்ணு ஒரே பந்து. வாசல்ல நிக்கிறவனைப் புஸ்தகம் எடுக்கச் சொல்லுங்க.

அப்பா: இரு, இரு! கிரேஸ் பத்தி ஒண்ணு பாக்கி. 1887, மான்செஸ்டர்ல ஓல்ட் டிராஃபோர்டு கிரவுண்டு. பந்தைத் துரத்திக்கிட்டு ஓடின குரூம்ங்கிற ஃபீல்டர் எல்லைக் கம்பியில மோதி, கம்பி முனை தொண்டையில குத்திடுச்சு.

அம்மா: ஐயோ!

அப்பா: கிரேஸ் ஓடினார். கிழிஞ்ச இடத்தை ரெண்டு பக்கமும் சேர்த்துக் கையாலயே பிடிச்சுக்கிட்டார். தைக்க ஊசி கொண்டுவரப் போயிருக்காங்க. வர்ற வரைக்கும், கிட்டத்தட்ட அரை மணி நேரம், விடவே இல்ல.

அம்மா: (குரல் இறங்கி) பையன்?

அப்பா: பொழைச்சுக்கிட்டான். பின்னாடி பத்திரிகையில கிரிக்கெட் எழுதினான்.

அம்மா: அரை மணி நேரம்… கை அசங்காமலா?

அப்பா: அசங்கியிருந்தா உயிர் போயிருக்கும்.

(அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அப்பா மீசையைத் தடவுகிறார். இந்த வீட்டில் அவர் அடிக்கடி செய்கிற தப்பு இது.)

அம்மா: ஏங்க, போன ஞாயித்துக்கிழமை மேட்ச்ல இவன் எத்தனை கேட்ச் விட்டான்?

அப்பா: (மீசையிலிருந்து கையை எடுத்து) மூணு.

(வாசலில் தடால் என்று ஒரு சத்தம். கிட் பையும் கை நழுவிவிட்டது.)