காரணம் எனக்கு, குணம் பிறருக்கு

சென்ற ஆண்டு ஒரு நண்பர்மீது மூன்று மாதங்கள் மனத்தாங்கலோடு இருந்தேன். என் தாயார் உடல்நலமின்றி இருந்தபோது அவருக்கு வாட்ஸ்அப்பில் நீண்ட செய்தி ஒன்றை அனுப்பியிருந்தேன். படித்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக்குறிகளும் விழுந்தன. பதில் மட்டும் வரவில்லை. முதல் நாள், வேலையாக இருப்பார் என்று நினைத்தேன். நான்காம் நாள், நாலு காசு சேர்ந்ததும் ஆள் மாறிவிட்டார் என்று முடிவு கட்டினேன். ஒரு வாரத்துக்குள் அந்த முடிவுக்குப் பழைய சான்றுகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன: எப்போதோ ஒரு கூட்டத்தில் என்னைக் கண்டும் காணாததுபோல் நகர்ந்தது, ஒருமுறை பாதிப் பேச்சில் தொலைபேசியை வைத்தது. அந்த நாள்களில் அவருடைய மகன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான் என்பது மிகவும் பிந்தித்தான் எனக்குத் தெரியவந்தது.

மனிதர்களைப் பற்றி நான் கற்றவற்றுள் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்: நம் தவறுக்குக் காரணம் தேடுகிறோம், பிறர் தவறில் குணத்தைத் தேடுகிறோம். நான் தாமதமாக வந்தால் வழியில் நெரிசல். அவர் தாமதமாக வந்தால் பொறுப்பின்மை. நான் சத்தம் போட்டால் அன்று மனம் சரியில்லை. அவர் சத்தம் போட்டால் பிறவிக் கோபக்காரர். வெற்றி என்று வந்துவிட்டாலோ இதே தராசு அப்படியே தலைகீழாகிறது: நான் உழைத்து முன்னேறினேன், அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் முன்னோர் சொன்னது ஒரு வீட்டுச் சண்டையைப் பற்றி மட்டுமன்று.

இதை உளவியலாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். எட்வர்டு ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் ஆகிய இருவரும் 1967இல் வெளியிட்ட ஆய்வில், கியூபாவின் அன்றைய தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவருக்கு விதிக்கப்பட்டது, அவராகத் தேர்ந்துகொண்டதன்று என்று தெளிவாகச் சொன்ன பிறகும், எழுதியவரின் சொந்தக் கருத்தும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும் என்றுதான் படித்தவர்கள் நினைத்தார்கள். கட்டாயம் இருந்தது தெரிந்தும் கண்ணுக்குப் பட்டது ஆள்தான்.

என்னை அதைவிட அதிகமாக உலுக்கியது 1973இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் பயின்ற 40 மாணவர்களை, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் சென்று சிற்றுரை ஆற்றும்படி அனுப்பினார்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் பேச வேண்டிய பொருள், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. போகும் வழியில் ஒருவர் குனிந்த தலையோடு சரிந்து உட்கார்ந்து, இருமி முனகிக்கொண்டிருந்தார்; ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்திருந்த ஆள் அவர். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகையில் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, விரைந்து போங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம். பேசப்போகும் பொருள் எது என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அன்று அந்த வழியில் நின்று பார்த்திருந்தால், விரைந்து கடந்த ஒவ்வொருவரையும் கல்நெஞ்சன் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். அவர் காதில் சற்று முன் விழுந்த ஒற்றை வாக்கியம் எனக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. என் அவசரமும் பயமும் தூக்கமில்லாத இரவும் எனக்கு உள்ளிருந்தே தெரிகின்றன. பிறரிடம் எனக்குத் தெரிவது செயல் மட்டுமே. கணவனும் மனைவியும் வீட்டு வேலைகளில் தத்தம் பங்கைத் தனித்தனியே மதிப்பிட்டபோது, இரண்டையும் கூட்டினால் மொத்த வேலையைவிட அதிகமாக வந்தது என்று 1979இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்று காட்டியது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் எண்ணவில்லை. தான் செய்தது கையோடு நினைவுக்கு வருகிறது; மற்றவர் செய்தது அப்படி வருவதில்லை.

இப்படிச் சொல்வதால் எல்லாக் குற்றத்துக்கும் சூழ்நிலையே காரணம் என்று நான் வாதாடவில்லை. அறிந்தே, திரும்பத் திரும்பப் பிறரை நோகடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து விலகி நிற்பதில் தவறே இல்லை. ஆனால் ஒரே ஒரு செயலை வைத்து ஒருவருக்கு ஆயுள் முழுமைக்குமான பெயரைச் சூட்டிவிடும் வழக்கம், குறிப்பாக முன்பின் பார்த்திராதவர்களையும் நாள்தோறும் எடைபோடும் இந்த முகநூலில், எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

நண்பரின் செய்தி தெரிந்த அன்றிரவு என் கைப்பேசியைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். ஐந்து மாதங்களுக்கு முன் என் பழைய ஆசிரியர் அனுப்பியது அங்கே பதிலின்றிக் கிடந்தது: "எப்படி இருக்கிறாய் தம்பி? நேரம் கிடைக்கும்போது பேசு." நான் அதைப் படித்திருந்தேன். அவரோடு அரைகுறையாகப் பேசக்கூடாது, ஆற அமரப் பேச வேண்டும் என்று எண்ணித்தான் தள்ளிப்போட்டேன். என் கணக்கில் அது மரியாதை. அவர் திரையில் தெரிந்தது இரண்டு நீலக்குறிகள்தான்.

மறுநாள் காலையில் அவரை அழைத்தேன். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்: "வேலை அதிகமோ, தம்பி?"