அண்ணனின் ஆர்மோனியம்

எங்கள் ஊர்க் கோயிலில் அண்ணன் தம்பி இருவர் நாகஸ்வரம் வாசித்தார்கள். வீட்டில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஏதோ வாய்க்கால் வரப்புத் தகராறு. ஆனால் திருவிழாவில் அண்ணன் மூச்சு வாங்க சீவாளியை உதட்டிலிருந்து எடுக்கும்போது, தம்பி அதே சுரத்தில் ஏறி நிற்பார். திரும்பிப் பார்க்கவே மாட்டார். சின்ன வயதில் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சகோதரர்கள் சேர்ந்து இசைத்தால் உடனே "ரத்தத்துலயே ஊறினதுப்பா" என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கர்நாடக சங்கீதம் பாடிய ஆலத்தூர் சகோதரர்கள் கூடப்பிறந்தவர்களே இல்லை. அவர்களில் ஒருவரின் அப்பாதான் இருவருக்கும் குரு. ஒரே இடத்தில் உட்கார்ந்து சாதகம் செய்ததுதான் அவர்களைச் சகோதரர்கள் ஆக்கியது.

இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரத்துக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இளையராஜா என்றால் எல்லோரும் 1976, 'அன்னக்கிளி' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்பே பல வருஷம் ஒரு குழு ஊர் ஊராகப் போய்ப் பாடியிருக்கிறது. அது ராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழு. கம்யூனிஸ்ட் கட்சிப் பிரசார மேடை. ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டில் அரசியல் வரிகளைப் போட்டுப் பாடுவார் பாவலர். தம்பிகள் பாஸ்கர், ராஜா, அமர் (பின்னாளில் கங்கை அமரன்) எல்லோரும் கூடப் போவார்கள்.

அந்த அண்ணன் ஒன்றும் தட்டிக்கொடுத்து வளர்த்தவர் இல்லை. ஆர்மோனியத்தைத் தொட்டால் அடி விழும் என்று ராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அண்ணன் இல்லாத நேரத்தில் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகியவர் அவர். குழுவில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை பெண் குரலில் பாடுவது. வயசு வந்து குரல் உடைந்ததும் அந்த இடத்துக்கு அமர் வந்தார். ராஜா ஆர்மோனியத்துக்கு நகர்ந்தார். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதாகத் தெரியவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் போய் நின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

அப்புறம் 1968-இல் சென்னை. அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, அந்தப் பணத்தை அப்படியே பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பினார். பாட்டுக்காரக் குடும்பத்தில் ரேடியோவை விற்பது என்றால் சும்மாவா! பாவலர் 1973-இல் போய்விட்டார். 'அன்னக்கிளி'யை அவர் கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் அது.

1989-ஐப் பாருங்கள். 'ராஜாதி ராஜா' பாஸ்கர் தயாரித்த படம், 'கரகாட்டக்காரன்' கங்கை அமரன் இயக்கிய படம். இரண்டுக்கும் இசை ராஜா. மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த குழு, சினிமாவில் ஆளுக்கொரு துறையாகப் பிரிந்து அதே வேலையைச் செய்திருக்கிறது. பாஸ்கரைப் பற்றி இன்று யார் பேசுகிறார்கள்? டைட்டில் கார்டில் பெயர் வரும்போது நாம் பாப்கார்ன் வாங்கிக்கொண்டிருப்போம்.

ராஜாவும் அமரனும் பல வருஷம் பேசாமல் இருந்தது ஊருக்கே தெரியும். 2022-இல் சந்தித்துக்கொண்டார்கள். அந்தப் புகைப்படத்துக்குக் கீழே ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். எனக்கு அதில் எரிச்சல்தான். ஆபீஸில் சண்டை என்றால் வீட்டுக்குப் போய்விடலாம். வீடும் ஆபீஸும் ஒன்றாக இருப்பவன் எங்கே போவான்? இத்தனை வருஷம் சேர்ந்து உழைத்தவர்கள் சண்டை போடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

எங்கள் ஊர் அண்ணன் நாலு வருஷம் முன்பு காலமாகிவிட்டார். இப்போது தம்பி வெளியூரிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டுக்கொள்கிறார். நல்ல ஞானமுள்ள பையன். போன பங்குனி உத்திரத்தில் கவனித்தேன். மூச்சு வாங்குவதற்கு முன்னால், அவர் ஒவ்வொரு முறையும் அந்தப் பையனைத் திரும்பிப் பார்க்கிறார்.