எஸ்டேட்டில் மரம் நடப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கு

காட்டுயிர் உயிரியலாளரான எங்கள் சீனியர், எஸ்டேட்டில் காட்டு மரம் நடுவதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசிய அந்தக் காணொளியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர் பதில் சொல்ல வாயெடுத்த ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் எழுந்த சிரிப்பைக் கேட்டிருப்பீர்கள். "தனியார் எஸ்டேட்டில் மரம் நடத் தோட்டக்காரர் போதாதா, இதற்கு எதற்குக் காட்டுயிர் உயிரியலாளர்?" என்றார் மைக் பிடித்தவர். பின்னாலிருந்து ஒருவர், "கம்பெனி ஆளுங்கப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். காட்டுயிர், சரணாலய எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதில்லை. வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி தேயிலை, கொஞ்சம் காப்பி, ஏலம். ஒரு பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளமும் வாழச்சாலும். நடுவே தேயிலைக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் மழைக்காடு. அந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை தனியார் கையில்தான் இருக்கின்றன. சிங்கவால் குரங்கு அங்கேதான் வாழ்கிறது. இருவாச்சிப் பறவை அங்கேதான் பழம் தேடி வருகிறது. யானை அந்த வழியாகத்தான் நடக்கிறது. அப்படியென்றால் காட்டுயிர் படித்தவள் எங்கே போய் நிற்பாள்? நிலம் யாருடையதோ அவர் வாசலில்தான்.

தோட்டக்காரர் போதாதா என்று கேட்டீர்கள். வெடிப்பலா என்ற மழைக்காட்டு மரத்தின் விதையைப் பயறு மாதிரி டப்பாவில் போட்டு அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்க முடியாது. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை காய்ந்தால் செத்துப்போகும். எந்த மரம் எப்போது காய்க்கும் என்று தெரிந்து, தார்ச்சாலையில் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கப்போகும் விதைகளைப் பொறுக்கி வந்து, உடனே நாற்றங்காலில் போட வேண்டும். எங்களோடு வேலை செய்யும் காடர் பழங்குடி அண்ணன் ஒருவர், பட்டையை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தே கருங்குங்கிலிய மரம் என்று சொல்லிவிடுவார். நான் இலையையும் காம்பையும் புரட்டிப் பார்த்து அதே முடிவுக்கு வர நேரமாகும். அவருக்கும் படிப்பு உண்டு, எனக்கும் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் காடு திரும்பும். காட்டுயிர் ஆய்வாளர்கள் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் 2000களின் தொடக்கத்திலிருந்து இதே ஊரில் எஸ்டேட்காரர்களோடு பேசிப் பேசி, களையாகப் பரவும் உண்ணிச்செடியைப் பிடுங்கி, நாட்டு மரங்களை நட்டு, இப்படித்தான் காட்டுத் துண்டுகளை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பேசுவது என்றால் சும்மா இல்லை. ஒரு மேனேஜர் என்னை வராந்தாவில் நிற்க வைத்தே பேசினார். "நிழல் கூடினால் கொப்புள நோய் வரும், மகசூல் போகும், நீங்களா தருவீர்கள்?" அவர் கேட்டது நியாயம். மழைக்காலத்தில் நிழல் அடர்ந்தால் தேயிலைக்கு அந்த நோய் வரத்தான் செய்யும். அதனால் தேயிலை நிற்காத சரிவையும் ஓடைக்கரையையும் மட்டும் கேட்டேன். கொடுத்தார். இதற்குப் பெயர் விலைபோவதா?

"கம்பெனிக்கு நல்ல பெயர் கிடைக்கிறதே" என்பீர்கள். கிடைக்கட்டும்! ஓடைக்கரையில் மரம் நிற்கிறதல்லவா?

"சட்டம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" இருக்கிறது. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949, மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955. இரண்டும் வேண்டும், இன்னும் கண்டிப்பாகவே வேண்டும். ஆனால் சட்டம் வெட்டுகிற கையைத்தான் பிடிக்கும். கன்று நடாது, களை பிடுங்காது.

அப்புறம், "தொழிலாளிகளை மறந்துவிட்டு மரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்" என்று ஒரு கமெண்ட். அதற்கு நூற்றுக்கணக்கில் லைக் வேறு. என் அம்மா கொழுந்து பறித்தவர். அட்டை கடித்த காலோடு வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டவர். லைன் வீட்டில் வளர்ந்த எனக்குக் கூலியைப் பற்றியும் ஒழுகுகிற கூரையைப் பற்றியும் நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். கூலி உயர வேண்டும், கூரை மாற வேண்டும். அதற்காக யார் போராடினாலும் அவர்கள் பக்கம்தான் நான். இங்கே யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் பக்கத்தில் யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை. இதை ஆராய்ந்து கண்டுபிடித்ததும் ஆனந்தகுமார் என்ற காட்டுயிர் உயிரியலாளர்தான். அவரும் அவர் குழுவும் உள்ளூர் கேபிள் டிவியில் செய்தி ஓட விட்டார்கள், போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள், யானை வந்தால் எரியும் சிவப்பு விளக்குகளை வைத்தார்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் பிரிட்டனில் தரப்படும் விட்லி விருது 2015இல் அவருக்கு இதற்காகத்தான் கிடைத்தது. விருதை விடுங்கள். ஒரு ராத்திரி அம்மா போன் செய்து, "சிவப்பு லைட்டு எரியுதுடி, நான் அத்தை வீட்டுலயே படுத்துக்கறேன்" என்றார். தொழிலாளியை மறந்தவர்கள் செய்கிற வேலையா இது?

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆல்டோ லியோபோல்ட் 1935இல் சத்துப்போன ஒரு பண்ணையை வாங்கி, மனைவி மக்களோடு அதில் மரம் நட்டார். காட்டுயிர்த் துறையின் முன்னோடி, பல்கலைக்கழகப் பேராசிரியர். 1948இல் பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில் இறந்தார். அவரைப் பற்றிக் கருத்தரங்கில் பேசினால் கைதட்டுகிறோம். அதே வேலையை நம் ஊர்ப் பிள்ளை செய்தால் கம்பெனி ஆள்.

மயிலாடுதுறைப் பக்கம் மன்னம்பந்தல் கல்லூரியில் நான் காட்டுயிர் உயிரியல் முதுகலை படிக்கப் போனபோது, "காட்டுக்குள்ள பொம்பளப் பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள் சொந்தக்காரர்கள். இன்றும் கேட்கிறார்கள். இந்த வேலையில் பென்ஷன் இல்லை. ஒரு திட்டத்தின் நிதி முடிந்து அடுத்தது வருவதற்குள் வாடகைக்கு என்ன செய்வது என்று தெரியாது. என்னோடு படித்தவர்களில் எத்தனையோ நல்ல ஆட்கள், பறவையின் குரலை வைத்தே பெயர் சொல்லக்கூடியவர்கள், இன்று வங்கியிலும் ஐடியிலும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் எஞ்சியிருக்கிறவர்களைப் பார்த்தும் சிரித்தால் எப்படி?

எங்கள் எஸ்டேட் பிள்ளை ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். காட்டுயிர் படிக்க ஆசை. அவள் அப்பா அந்தக் காணொளியை எனக்கே அனுப்பி, "இதுக்காம்மா படிக்க வைக்கணும்?" என்று கேட்டிருந்தார். உடனே போன் செய்தேன். முதலில் விலங்கியலில் சேர்த்துவிடுங்கள் அண்ணா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "யோசிச்சுச் சொல்றேன்மா" என்று வைத்துவிட்டார். மைக் பிடித்தவரே, நீங்கள் சிரித்தது எங்கள் சீனியரைப் பார்த்து மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்.